இடதுபுறம் திரும்பும் கார்கள்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இருக்கிறது டேட்டோனா பந்தயத் தடம். சுற்று ஒன்றுக்கு இரண்டரை மைல். அதன் வளைவுகள் 31 டிகிரி சாய்ந்தவை. தொலைக்காட்சிக் கேமரா அந்தச் சாய்வைத் தட்டையாக்கிக் காட்டிவிடுகிறது. வளைவின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அது சாலை போலவே இராது. நடந்து ஏறுவது என்றால் கையை ஊன்றித்தான் ஏற வேண்டும். அந்தச் சரிவில் சுமார் நாற்பது கார்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,450 கிலோ, மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில், முன்னால் போகும் காரின் பம்பரைத் தொட்டும் தொடாமலும் ஓடுகின்றன. பிப்ரவரியில் இங்கே தொடங்கும், அமெரிக்கக் கார்ப் பந்தயமான நாஸ்காரின் கோப்பைத் தொடர் 36 பந்தயங்களைக் கடந்து நவம்பரில் முடிகிறது.

வெளியில் இருப்பவர்கள் இதைப் பற்றி வழக்கமாகச் சொல்வது ஒன்றுதான்: சுற்றிச் சுற்றி வருகிறார்கள், இடதுபுறமே திரும்புகிறார்கள், இதில் பார்க்க என்ன இருக்கிறது? ஃபார்முலா ஒன் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் ஒரு முழு சீசனை விடாமல் பார்ப்பவருக்குக் கிடைக்கும் அனுபவமே வேறு. பாதை மாறாமல் இருப்பதால் மற்றதெல்லாம் மாறுவது கண்ணுக்குத் தெரிகிறது: காற்று, ரப்பர், தார், வெயில். பரிசோதனையில் சிலவற்றை நிலையாக வைத்துக்கொண்டு மற்றவை மாறுவதைக் கவனிப்பார்கள். அந்த முறைக்கு இவ்வளவு நெருங்கி வரும் இன்னொரு விளையாட்டை நான் பார்த்ததில்லை.

முதலில் அந்தச் சாய்வு எதற்கு என்று பார்த்துவிடலாம். வளைவில் திரும்பும் எந்தப் பொருளையும் மையத்தை நோக்கி ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டோ தள்ளிக்கொண்டோ இருக்க வேண்டும். சமதளச் சாலையில் அந்த வேலை முழுவதும் டயரின் உராய்வின் தலையில் விழுகிறது. டேட்டோனா வளைவின் ஆரம் ஏறத்தாழ 300 மீட்டர். டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் குணகத்தை 1 என்று வைத்துக் கணக்கிட்டால், அதே ஆரமுள்ள சமதள வளைவில் மணிக்குச் சுமார் 195 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கார் வெளியே வழுக்கிவிடும். தரையை 31 டிகிரி சாய்த்துவிட்டால் இரண்டு நன்மைகள் சேர்ந்து வருகின்றன. தரை காரைத் தாங்கும் விசை இப்போது செங்குத்தாக மேலே போகாமல் உள்பக்கம் சாய்கிறது; ஆகவே திருப்பும் வேலையில் தரையே பங்கெடுக்கிறது. கூடவே, வேகம் கூடக்கூட கார் தரையோடு அழுத்தப்படுகிறது. அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும். விளைவு, அதே வளைவு, அதே டயர், ஆனால் வேக எல்லை ஏறக்குறைய 390 கிலோமீட்டர். அதாவது இரண்டு மடங்கு. உராய்வே இல்லாத பனிக்கட்டியால் அந்த வளைவு ஆகியிருந்தால்கூட, 150 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மேலேயும் ஏறாமல் கீழேயும் சரியாமல் திரும்பிவிடும்.

இதற்கு விலை உண்டு. 310 கிலோமீட்டர் வேகத்தில் அந்த வளைவுக்குள் நுழையும் கார் தன் எடையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் டயர்களை அழுத்துகிறது. மூன்று டன்னுக்கு மேற்பட்ட அந்தச் சுமையில் பெரும்பங்கு வலப்பக்க டயர்கள் மேல், அதிலும் வலது முன் டயர் மேல் விழுகிறது. நாஸ்கார் பார்ப்பவர்கள் பந்தயத்தின் நடுவே யாராவது திடீரென்று நேராகப் போய்ச் சுவரில் மோதினால், காரணம் அறிவிக்கப்படும் முன்பே ‘வலது முன் டயர்’ என்று சொல்லிவிடுவது இதனால்தான்.

டேட்டோனாவில் ஆட்சி செய்வது காற்று. இதை முதலில் கண்டுகொண்டவர் ஜூனியர் ஜான்சன். வடகரோலினா மலைப்பகுதிக்காரர்; அப்பா காய்ச்சிய கள்ளச்சாராயத்தை இரவில் போலீஸுக்கு டிமிக்கி கொடுத்துக் காரில் கடத்திக் கடத்தியே வண்டி ஓட்டக் கற்றவர். நாஸ்காரின் வேரே அங்கேதான் இருக்கிறது. பில் ஃபிரான்ஸ் 1947 டிசம்பரில் டேட்டோனா பீச்சில் ஒரு ஹோட்டலில் ஆட்களைக் கூட்டி அமைப்பைத் தொடங்கினார். 1949 ஜூனில் சார்லட்டில் நடந்த முதல் ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’ பந்தயத்தில், கடையில் வாங்கிய காரை அப்படியே ஓட்ட வேண்டும் என்பதுதான் விதி. முதலில் வந்த க்ளென் டன்னவேயின் கார் சாராயம் கடத்திய கார். சுமை ஏற்றினாலும் பின்பக்கம் தாழாதபடி அதன் ஸ்பிரிங்கை மாற்றியிருந்தார்கள். பரிசோதனையில் அது பிடிபட்டு, வெற்றி இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பருக்குப் போனது. இந்த விளையாட்டின் முதல் சர்ச்சையே சஸ்பென்ஷன் அமைப்பின் இயற்பியலைப் பற்றியது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஜான்சனுக்கு வருவோம். 1960 டேட்டோனா 500 பந்தயத்துக்கு அவருக்குக் கிடைத்த ஷெவர்லே, போட்டியில் இருந்த போன்டியாக் கார்களைவிடத் தெளிவாக மெதுவான வண்டி. பயிற்சியின்போது ஒரு வேகமான கார் கடந்து போக, அதன் வாலில் ஒட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். தன் காரால் தனியாகப் போக முடியாத வேகத்தில் அது போனது. பந்தயம் முழுவதும் அதையே செய்து வென்றார்.

காற்றுத்தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. அதை வெல்லத் தேவைப்படும் எஞ்சின் திறன் வேகத்தின் கனமாகக் கூடுகிறது. 300 கிலோமீட்டரிலிருந்து 330க்குப் போக வேண்டுமென்றால், பத்து சதவீதம் கூடுதல் வேகத்துக்கு முப்பத்துமூன்று சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். அவ்வளவு திறனை எஞ்சினில் தேடுவதைவிட, முன்னால் ஒருவர் காற்றைப் பிளந்து கொடுக்கும் பாதையில் புகுந்துகொள்வது எளிது. இதில் பலரும் கவனிக்காத பாதி ஒன்று உண்டு: முன்னால் போகிறவருக்கும் ஆதாயம். ஓடும் காரின் பின்னால் குறைந்த அழுத்தமுள்ள ஒரு வெற்றிடம் போன்ற பகுதி உருவாகி அதைப் பின்னோக்கி இழுக்கிறது. இன்னொரு கார் அந்த இடத்தை வந்து அடைத்துவிட்டால் இழுவை குறைகிறது. ஆகவே தனித்தனியாக ஓடும் இரண்டு கார்களைவிட ஒட்டி ஓடும் இரண்டு கார்கள் வேகமானவை. டேட்டோனாவிலும் அதைப் போன்ற இன்னொரு பெருந்தடமான டல்லடேகாவிலும் நாற்பது கார்களும் கூட்டமாகவே ஓடுவதற்கும், இருபது பேர் ஒரே விபத்தில் சிக்குவதற்கும் இதுவே காரணம். கடைசிச் சுற்றில் முதலிடத்தில் இருப்பது பல நேரம் பாதகம். பின்னால் இருப்பவர் எப்போது விலகினாலும், முன்னவருக்குக் கிடைத்த உதவி போய்விடும். விலகியவர் பக்கத்தில் வந்து, தன் காரின் மூக்கைப் பக்கத்துக் காரின் பின்சக்கரத்தருகே கொண்டுபோனால், அங்கே ஒதுங்கும் காற்று அந்தக் காரின் ஸ்பாய்லரில் போய் மோதி அதை மெதுவாக்கும். தொடவே தொடாமல் ஒருவரைப் பின்னுக்கு இழுக்கும் இந்த வித்தையைத் தெரிந்துகொண்டு பார்த்தால், கூட்டமாக ஓடும் அந்த மூன்று மணி நேரம் முற்றிலும் வேறு காட்சியாகிவிடுகிறது.

வேகத்துக்குத் தடை வந்த கதையையும் சொல்ல வேண்டும். 1987இல் டல்லடேகா தகுதிச் சுற்றில் பில் எலியட் மணிக்கு 212.809 மைல், அதாவது 342 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். அதே வாரப் பந்தயத்தில் பாபி அலிசனின் டயர் வெடித்து, கார் பின்பக்கமாகத் திரும்பி, எழும்பி, பார்வையாளர் வேலியில் போய் மோதியது. மேலே காற்று வேகமாகவும் கீழே மெதுவாகவும் ஓடினால் எந்தப் பெட்டியும் இறக்கையாகிவிடும். பின்னோக்கித் திரும்பிய பந்தயக் கார் அப்படித்தான் பறக்கிறது. 1988 முதல் டேட்டோனா, டல்லடேகா இரண்டு தடங்களிலும் எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் துளைத் தகடுகள் கட்டாயமாயின. 1994இல் கூரையில் மடல்கள் வந்தன. கார் நேராகப் போகும்வரை அவை படுத்திருக்கும். பின்னோக்கித் திரும்பியதும் மேற்பரப்பின் தாழ்ந்த அழுத்தமே அவற்றைத் தூக்கி நிறுத்தி, தூக்குவிசையைக் கலைத்துவிடும். மோட்டாரோ உணர்கருவியோ இல்லை. ஆபத்தை உண்டாக்கும் காற்றே அதற்கு மாற்றையும் இயக்குகிறது. எலியட்டின் சாதனை இன்றும் அப்படியே நிற்கிறது. அதை முறியடிக்க யாரும் விடப்போவதுமில்லை.

பாதுகாப்பில் பெரிய திருப்பம் 2001 பிப்ரவரி 18. டேட்டோனா 500இன் கடைசிச் சுற்றில் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். காரைப் பார்த்தவர்களுக்கு அது அவ்வளவு கொடிய மோதலாகவே தெரியவில்லை. கார் நின்றுவிடுகிறது, பெல்ட் உடலை நிறுத்துகிறது, ஆனால் ஹெல்மெட்டோடு சேர்ந்த தலை மட்டும் முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது; மண்டையோட்டின் அடிப்பகுதி முறிகிறது. அதற்கு முந்தைய ஆண்டு நாஸ்காரில் மூன்று ஓட்டுநர்கள் இறந்திருந்தார்கள். தலையைத் தோளோடு பிணைக்கும் ‘ஹான்ஸ்’ என்ற கருவியை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் உயிரி இயந்திரவியல் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்ட், பந்தய ஓட்டுநர் ஜிம் டவுனிங்குடன் சேர்ந்து அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே உருவாக்கியிருந்தார். தலைப் பிணைப்பு 2001 அக்டோபரில்தான் கட்டாயமானது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டீன் சிக்கிங் குழு வடிவமைத்த ‘சேஃபர்’ சுவர் 2002இல் இண்டியானாபொலிஸில் முதலில் பொருத்தப்பட்டது. கான்கிரீட்டுக்கு முன்னால் எஃகுக் குழாய்கள், இடையில் நுரைக் கட்டிகள். மோதும் கார் நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம் இரண்டு மடங்கானால் சராசரி விசை பாதியாகும். அதற்குப் பிறகு கோப்பைத் தொடர் பந்தயம் எதிலும் ஒரு ஓட்டுநர்கூட உயிரிழக்கவில்லை. இந்த விளையாட்டின் மிகப் பெரிய சாதனை இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிப்ரவரி கழிந்து மார்ச், ஏப்ரல் வரும்போது கார்கள் சின்னத் தடங்களுக்குப் போகின்றன. இங்கே கண்ணைவிடக் காதுதான் முக்கியம். நாஸ்கார் அரங்குகளுக்குப் போகும் ரசிகர்கள் தலையில் பெரிய ஹெட்ஃபோனும் இடுப்பில் ஒரு ஸ்கேனரும் வைத்திருப்பார்கள். ஓட்டுநருக்கும் அவருடைய அணியை நடத்தும் க்ரூ சீஃபுக்கும், அரங்கின் கூரையில் நின்று வழி சொல்லும் ஸ்பாட்டருக்கும் இடையே நடக்கும் பேச்சு முழுவதும் திறந்த அலைவரிசையில் போகிறது. இப்போது கைப்பேசியிலேயே கேட்கலாம். இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் திங்கட்கிழமை விடியலுக்கு முன்பு வரும். அந்த அமைதியில் காதில் ஒரு ஓட்டுநரின் குரலை வைத்துக்கொண்டு கேட்பது தனி இன்பம்.

பேச்சில் திரும்பத் திரும்ப வருபவை இரண்டு சொற்கள்: டைட், லூஸ். டயர் எப்போதும் அது பார்க்கும் திசையிலேயே உருள்வதில்லை. வளைவில் ரப்பர் சற்றே முறுக்கிக்கொண்டு, சக்கரத்தின் திசைக்கும் கார் உண்மையில் போகும் திசைக்கும் சில டிகிரி வித்தியாசம் ஏற்படுகிறது. முன் டயர்கள் அதிகம் நழுவினால் ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் திரும்ப மறுக்கும், அது டைட். பின் டயர்கள் அதிகம் நழுவினால் வால் வெளியே வீசும், அது லூஸ். ‘நுழையும்போது லூஸ், நடுவில் டைட், வெளியே வரும்போது பரவாயில்லை’ என்று ஓட்டுநர் சொன்னால், ஒரே வளைவின் மூன்று பகுதிகளுக்கு மூன்று அளவீடுகளைக் கொடுக்கிறார் என்று பொருள். அடுத்த பிட் நிறுத்தத்தில் ஒருவர் நீளமான ஸ்பேனரைப் பின்கண்ணாடியில் உள்ள துளை வழியே விட்டு ஒரு திருகைப் பாதிச் சுற்றுத் திருப்புகிறார். வலது முன் சக்கரமும் இடது பின் சக்கரமும் தாங்கும் மூலைவிட்ட எடை சற்றே கூடுகிறது. லூஸாக இருந்த கார் கொஞ்சம் டைட்டாகிறது. நான்கு டயர் மாற்றி, பெட்ரோல் ஊற்றி, இந்தத் திருகும் சேர்த்து பத்து விநாடி சொச்சம்தான். திருகியது பலித்ததா என்பது அடுத்த ஐந்தாறு சுற்றுகளின் நேரத்தில் தெரிந்துவிடும்.

நடுத்தர நீளத் தடங்களில் காற்று எதிரியாகவும் மாறுகிறது. டேட்டோனாவில் முன்னால் போகும் காரின் கலங்கிய காற்று உதவியது. ஒன்றரை மைல் தடத்தில் அதே காற்று பின்னால் வரும் காரின் மூக்கைத் தரையோடு அழுத்த வேண்டிய விசையைப் பறித்துவிடுகிறது. முன் டயர்கள் பிடிமானம் இழக்க, கார் டைட்டாகிறது. சுற்றுக்கு அரை விநாடி வேகமான கார்கூட நெருங்கியதும் கடக்க முடியாமல் தவிப்பதை ரசிகர்கள் வாரந்தோறும் பார்க்கிறார்கள். ஓட்டுநர்கள் இதற்குக் கண்ட வழி, முன்னவர் போகும் பாதையை விட்டு மேலேயோ கீழேயோ விலகி, கலங்காத காற்றைத் தேடுவது.

ரப்பரைப் பற்றிச் சொல்ல டென்னசியின் பிரிஸ்டலை விடச் சரியான இடம் இல்லை. அரை மைல் கான்கிரீட் கிண்ணம். வழக்கமாகப் பந்தயம் போகப் போக டயரிலிருந்து தேயும் ரப்பர் கான்கிரீட்டின் நுண்துளைகளில் படிந்து ஒரு கரிய பூச்சாகிறது. ரப்பர்மேல் ரப்பர் நன்றாகப் பிடிக்கும், தேய்மானமும் குறையும். 2024 மார்ச்சில் அது நடக்கவில்லை. தேய்ந்த ரப்பர் தரையில் ஒட்டாமல் துகளாக உதிர்ந்து மேல்பக்கம் குவிந்தது. ஐம்பது சுற்றுக்குள்ளேயே டயர்கள் உள்ளிழை தெரியும் அளவுக்குத் தேய்ந்தன. 500 சுற்றுப் பந்தயத்தின் நடுவில் அணிகளுக்குக் கூடுதலாக ஒரு செட் டயர் கொடுக்க வேண்டியதாயிற்று. வேகமாகப் போகத் தெரிந்தவர்கள் எல்லாரும் அன்று மெதுவாகப் போகக் கற்றுக்கொண்டார்கள். யார் எவ்வளவு மெதுவாகப் போனால் டயர் எத்தனை சுற்று தாங்கும் என்பதே பந்தயமாயிற்று. முதலிடம் 54 முறை கைமாறியது, குறுந்தடங்களில் அது சாதனை. டென்னி ஹாம்லின் வென்றார். வேகமான கார் வெல்லும் பந்தயத்தைவிட இது எவ்வளவோ மேல் என்று எனக்குப் பட்டது.

மே மாதக் கடைசியில் சார்லட்டில் 600 மைல். சீசனின் மிக நீண்ட பந்தயம். மாலை வெயிலில் தொடங்கி இரவு விளக்கில் முடிகிறது. வெயிலில் சூடேறிய தார் டயரை எளிதில் வழுக்கவிடும். பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் பிடிமானம் கூடும், குளிர்ந்த காற்று அடர்த்தியாவதால் எஞ்சினுக்கும் கூடுதல் பலம், காரை அழுத்தும் விசையும் கூடும். மாலை ஆறரைக்கு முன்னணியில் இருந்த கார் இரவு ஒன்பதுக்குப் பத்தாவது இடத்தில் கிடப்பது இதனால் அடிக்கடி நடக்கும். நல்ல க்ரூ சீஃப் பகலிலேயே சற்றுச் சரியில்லாத காரோடு பொறுமையாக இருப்பார். அவர் இரவுக்காகத் தயார் செய்து வைத்திருக்கிறார்.

செப்டம்பரில் தென்கரோலினாவின் டார்லிங்டன். 1950இல் கட்டிய தடம். நிலத்துக்காரர் தன் மீன்குளத்தைத் தொடக்கூடாது என்று சொன்னதால் ஒரு முனை குறுகி, முட்டை வடிவில் நின்றுவிட்டது. இரண்டு முனைகளுக்கும் ஒரே அமைப்பு பொருந்தாது. ஒன்றில் நன்றாக ஓடும் கார் மற்றதில் தொல்லை கொடுக்கும். சொரசொரப்பான அதன் தார் புது டயரை இருபது சுற்றில் கிழடாக்கிவிடும்.

அக்டோபர் முடியும் நேரத்தில் வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில். கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2010இல் நாஸ்காரின் டிரக் தொடரில் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது இங்கேதான். 13ஆவதாக வந்தார், அந்த ஆண்டு அந்தத் தொடரில் ரசிகர்களின் அபிமான ஓட்டுநராகவும் தேர்வானார். தடம் காகிதக் கிளிப் வடிவம், அரை மைல், வளைவில் 12 டிகிரிதான் சாய்வு. ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்துத் தவழ வேண்டும். 2022 அக்டோபர் 30 அன்று கடைசிச் சுற்றில் ராஸ் சாஸ்டெய்ன் பத்தாவது இடத்தில் இருந்தார். சாம்பியன் போட்டிக்குத் தகுதி பெற இரண்டு இடம் முன்னேறியாக வேண்டும். பின்நேர்ப்பாதையில் ஐந்தாவது கியருக்கு மாற்றினார், பிரேக்கைத் தொடவில்லை, ஆக்ஸிலரேட்டரை விடவில்லை. காரை வெளிச்சுவரில் சாய்த்து, ஸ்டியரிங்கை விட்டுவிட்டார்.

நம்மூர் பொருட்காட்சியின் மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டே இருப்பது கிணற்றின் சுவர்தான். அங்கே நடப்பதுதான் இங்கேயும். வளைவில் டயரால் கொடுக்கக்கூடிய திருப்புவிசைக்கு எல்லை உண்டு, அதனால்தான் எல்லாரும் பிரேக் போடுகிறார்கள். சாஸ்டெய்ன் அந்த வேலையை எஃகுச் சுவரிடம் கொடுத்துவிட்டார். சுவர் எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளும். உரசலில் இழந்த வேகம், பிரேக் போட்டு மற்றவர்கள் இழந்த வேகத்தைவிடக் குறைவு. அந்தச் சுற்று 18.845 விநாடி. மார்ட்டின்ஸ்வில்லில் கோப்பைக் கார் எதுவும் அவ்வளவு வேகமாகச் சுற்றியதில்லை. ஐந்து கார்களைக் கடந்தார்; கோட்டருகே முந்திய ஹாம்லினின் காரும் அவற்றில் ஒன்று. சிறுவயதில் வீடியோ கேமில் செய்து பார்த்தது என்று பிறகு சொன்னார். கேமில் செய்தது நிஜத்தில் பலித்ததற்குக் காரணம் 2022இல் வந்த புதிய கார். பழைய காராக இருந்திருந்தால் வலப்பக்க சக்கரங்களின் பிணைப்புகள் பாதி வளைவிலேயே நொறுங்கியிருக்கும் என்பது என் எண்ணம். 2023 ஜனவரியில் நாஸ்கார் இனி இதற்குத் தண்டனை உண்டு என்று அறிவித்தது. பார்வையாளர் பக்கம் பாகங்கள் பறக்கும் ஆபத்து இருப்பதால் அது சரியான முடிவு. ஆனாலும் அந்தச் சுற்றைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.

குறுந்தடங்களில் ஒரு குறை நெடுநாளாகப் பேசப்பட்டது. 2022 கார் அகலமான டயரும் நல்ல பிடிமானமும் கொண்டது; 670 குதிரைத்திறன் அதற்குப் போதவில்லை. வளைவை விட்டு வெளியே வரும்போது பெரும்பாலும் யாருடைய பின் சக்கரமும் சுழலவில்லை, யாருடைய டயரும் தேயவில்லை, ஆகவே யாரும் யாரையும் கடக்கவில்லை. 2026 சீசனில் ஒன்றரை மைலுக்குக் குறைந்த தடங்களிலும் சாலைத் தடங்களிலும் அதை 750 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். பின் டயர்களை இனி வலது கால்தான் காப்பாற்ற வேண்டும்; அவசரப்பட்டு அழுத்துகிறவரின் டயர் சூடாகி, முப்பதாவது சுற்றில் விநாடியில் பத்தில் இரண்டு, மூன்று பங்கு என்று நேரம் கரையத் தொடங்கும். பிரிஸ்டலிலும் மார்ட்டின்ஸ்வில்லிலும் தொடக்கச் சுற்றுகளின் வேகத்தை விட்டுவிட்டு, இருபத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட சுற்றுகளின் நேரத்தை எழுதி வையுங்கள். ரேடியோவில் முதலில் ‘பின்பக்கம் போகிறது’ என்று சொல்பவர் யார் என்றும் கேளுங்கள்.